தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள்

"தவுடு கெடையாது. போ!"

கடை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள் என் மகள் கௌசி. மூன்று வயது நிறைய இன்னும் நாலு மாதம் இருந்தது. இடுப்பில் ஜட்டி, கழுத்தில் பாசிமணி, தலை நிறையத் தவிடு. அவளுக்கு எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர். சீப்பாலக்கோட்டையில் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறவர், வாராவாரம் எங்களிடம் வருகிறவர்.

"ஏத்தா, வழிய விடு. மாடு பசியாக் கெடக்கு."

"புண்ணாக்கு வாங்கிட்டுப் போ."

"புண்ணாக்கு இருக்குத்தா. தவுடுதான் தீந்துபோச்சு."

"பருத்திக்கொட்ட வாங்கிட்டுப் போ."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் ஆறு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க முயற்சி செய்தேன். நான் எழுந்து முடிப்பதற்குள் அவள் தவிட்டு மூட்டையின் மேல் ஏறி, மூட்டையின் வாயைக் கட்டிப்பிடித்துக் குப்புறப் படுத்துவிட்டாள். தூக்கினால் மூட்டையும் கூடவே வந்தது.

பெரியவர் அன்று கடைசியில் பருத்திக்கொட்டைதான் வாங்கிக்கொண்டு போனார்.

கடையும் காற்றும்

சின்னமனூரில், மேகமலைக்குப் பிரிகிற ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் மாட்டுத் தீவனக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. நடுவில் கதவு என்று ஒன்று இருந்தது. அதை நாங்கள் சாத்தியதாக எனக்கு நினைவில்லை. செல்போன் எங்கள் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்காத வருஷங்கள் அவை.

எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று அடிக்கும் என்று சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். அது என்ன காற்று என்று தவிட்டுக் கடை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். காபியில் தவிடு, தலையணையில் தவிடு, சாமி படத்துக்குப் பின்னால் தவிடு. என் வீட்டுக்காரர் சட்டையை உதறினால் ஒரு கன்றுக்குட்டிக்கு ஒரு வேளைக்கு ஆகும். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வாசத்துக்கு எனக்குக் குமட்டும். விலங்கியல் படித்துவிட்டு மாட்டுத் தீவனம் விற்க வந்துவிட்டோமே என்று ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தேன். பிறகு விலங்குகளுக்குத்தானே விற்கிறோம் என்று சமாதானமாகிவிட்டேன்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது அந்த வாசம் எனக்குப் பிடித்துப்போனதுதான் வேடிக்கை. மசக்கைக்கு மாங்காய் தின்பார்கள், சாம்பல் தின்பார்கள். நான் தவிடு தின்றேன். மில்லிலிருந்து சூடாக வந்து இறங்கும் மூட்டையில் ஒரு கை அள்ளி, வெல்லத்தைத் தட்டிப்போட்டுப் பிசைந்து, கதவு மறைவில் நின்று யாருக்கும் தெரியாமல் ஒரு உருண்டை. ஒரு தடவை கௌசியிடம் மாட்டிக்கொண்டேன். என் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "தவுடு! தவுடு!" என்று அலறிக்கொண்டே தெருவுக்கு ஓடினாள். தவிட்டுக் கடைக்காரி தவிடு தின்கிறாள் என்ற செய்தி அன்று சாயங்காலத்துக்குள் மார்க்கெட் வரைக்கும் போய்விட்டது.

தவிட்டு மறியல்

கௌசி சேட்டைக்காரிதான், பிறந்ததிலிருந்தே. கோணி ஊசியை எடுத்துப்போய்ச் சுரைக்கொடிப் பக்கத்தில் நட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றியவள். அவள் அப்பாவின் செருப்பில் ஒரு காலை மட்டும் பருத்திக்கொட்டைக்குள் புதைத்துவிட்டு, அவர் தேடுகிற தேட்டத்தைக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்து பார்த்தவள். அதெல்லாம் பொதுவான சேட்டை.

அந்த ஆடி மாதம் ஆரம்பித்தது வேறு. மற்றதெல்லாம் விற்கலாம், தவிடு மட்டும் வெளியே போகக்கூடாது.

அளக்கிற படி காணாமல் போனது. இரண்டு நாள் கழித்து மாட்டுத் தொட்டிக்குள் கிடைத்தது. புதுப் படி வாங்கினோம். அது அரிசிப் பானைக்குள் போனது. தவிட்டு மூட்டையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, "கெட்டுப்போச்சு, கெட்டுப்போச்சு" என்று வாடிக்கையாளரிடம் தானே போய்ச் சொன்னாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வருகிற சுபாவம். அன்றைக்கு முதுகில் ஒன்று வைத்தேன். அழவில்லை. மூட்டையைத்தான் போய்க் கட்டிக்கொண்டாள்.

"இவளுக்கு என்னமோ ஆயிருச்சுங்க. தவுடுன்னாலே பேய் பிடிச்ச மாதிரி ஆடுறா" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"எம் மகளுக்கு யாவாரம் பத்தி ஒரு அபிப்பிராயம் இருக்கு. கேட்டுப் பாப்போம்" என்றார் அவர். அவருக்கு மகள் எது செய்தாலும் அபிப்பிராயம். நான் செய்தால் மட்டும் பிடிவாதம்.

கேட்டது நான்தான். ஒரு மத்தியானம் மடியில் போட்டுத் தலையிலிருந்த தவிட்டைச் சீப்பால் வாரிக்கொண்டே, "ஏன் தங்கம், தவுடு மட்டும் ஏன் குடுக்கக்கூடாது?" என்றேன்.

"குடுத்தா பாப்பா வந்துரும்."

"எங்கருந்து?"

"அவுகதான் தருவாக. தவுடு வாங்கிட்டுப் பாப்பா தருவாக. மாமா சொல்லுச்சு."

எனக்கு எல்லாம் விளங்கியது. சீப்பைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உள்ளே இருந்ததும் ஒரு உதை விட்டது.

மாமன் வைத்த கொள்ளி

என் தம்பி முருகனுக்குக் கூடலூரில் ஜீப். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக் குமுளிக்கு மேலே போய்வருவான். ஞாயிற்றுக்கிழமைகளில் நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு மருமகளைப் பார்க்க வந்துவிடுவான். மலையேறி இறங்கியதில் நாலு மலையாள வார்த்தையும் ஒட்டியிருந்தது.

"எந்தா மோளே, ஒன்னைய எங்கன வாங்குனோம் தெரியுமா? கம்பம் சந்தையில. மூணு படி தவுட்டக் குடுத்துட்டு வாங்கியாந்தோம்."

இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம் பக்கம் உண்டா? என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். என் சின்னம்மா மகன், தன்னைப் பெற்றவர்களைத் தேடிப் போகிறேன் என்று டவுசர் பையில் முறுக்கோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டான். நம் ஊரில் மாமன்மார்களுக்கு இது பரம்பரை உரிமை. பிள்ளை அழும், மாமன் சிரிப்பான், தாய் "ஏன்டா இப்படிப் பண்றே" என்று தூக்கிக்கொள்வாள். அத்தோடு முடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. இவள் அழவில்லை. நேராக அப்பாவிடம் போய் விசாரித்தாள்.

"அப்பா, என்னத் தவுட்டுக்கா வாங்குனீக?"

அவர் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலேயே, "அதுக்கென்னத்தா? அப்பாவையும் தவுட்டுக்குத்தான் வாங்குனாக. வேணும்னா எதுத்த வீட்டுப் பாத்திமாம்மாட்டக் கேளு" என்றுவிட்டார்.

பாத்திமாம்மாவிடம் போனாள். "ஆமாத்தா, ஒங்கப்பன நாந்தான் தவுடு குடுத்து வாங்குனேன்" என்று கௌசியின் தலையில் அடித்துச் சத்தியமே செய்தார்.

மூன்று சாட்சியும் ஒரே மாதிரி சொன்னால் பிள்ளை வேறு என்ன முடிவுக்கு வரும்? வீட்டு வாசலில் மூட்டை மூட்டையாகத் தவிடு. தினமும் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். அம்மாவோ பாப்பா வரப்போகிறது என்கிறாள். ஆக, தவிட்டை நிறுத்தினால் பாப்பா நின்றுவிடும். என் மகள் யோசித்ததில் ஒரு பிழையும் இல்லை.

விற்கப்பட்ட என் வீட்டுக்காரர்

பாத்திமாம்மா செய்தது பொய்ச்சத்தியம் இல்லை.

என் மாமியாருக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதாக இவர் பிறந்தார். மூன்றாம் நாள் சொளகில், அதாவது முறத்தில், பழந்துணி விரித்துப் பிள்ளையைக் கிடத்தி எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனாராம் மாமியார். அது ராவுத்தர் வீடு. பாத்திமாம்மா அப்போது கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத புதுப்பெண். அரைப் படித் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஒரு நாழிகை மடியில் வைத்திருந்துவிட்டு, "இது எம் பிள்ள. நீ வளத்துக் குடு" என்று திருப்பித் தந்தார். அடுத்தவீட்டுப் பிள்ளை என்றால் எமன் திரும்பிப் பார்க்கமாட்டானாம்.

பார்க்கவில்லை. பிள்ளை பிழைத்தது. பள்ளிக்கூடத்தில் ராஜேந்திரன், தெருவில் தவிட்டான். வளர்ந்து ஆளாகி வேறு தொழிலே கிடைக்காத மாதிரி தவிட்டுக் கடையும் வைத்தது.

பாத்திமாம்மாவுக்குச் சொந்தமாக மூன்று பிள்ளைகள். ஆனாலும் நாலு என்றுதான் சொல்வார். நோன்புக் கஞ்சித் தூக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போது, "எம் பயலுக்கு. நீயும் ரெண்டு வாய் குடிச்சுக்க" என்றுதான் என்னிடம் தருவார். என்னமோ நான் அவர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் மாதிரி.

எனக்கு இரண்டாவது தங்கியிருப்பதை முதலில் சொன்னதும் அவர்தான். கௌசி தெருவில் குனிந்து இரண்டு காலுக்கு நடுவே பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏத்தா செல்வி, ஒம் மக தம்பிய கூப்பிடுறா பாரு" என்றார் பாத்திமாம்மா. பிள்ளை அப்படிக் குனிந்து பார்த்தால் பின்னாலேயே ஒன்று வருகிறது என்று அர்த்தம். விலங்கியலில் இது கிடையாது என்று சொல்லிச் சிரித்தேன். பத்து நாளில் வாந்தி எடுத்தேன்.

நான் கேட்டதும் அவர் மறுத்ததும்

சிரிப்புக்கு நடுவே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கௌசிக்கும் இந்தப் பிள்ளைக்கும் நடுவில் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு நாளும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வயிற்றில் கொஞ்ச நேரம் அசைவு இல்லை என்றால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்து, இடதுபக்கம் படுத்து, ஒரு உதைக்காகக் காத்துக்கிடப்பேன். உதைத்ததும் எழுந்து கௌசியைத் திட்டப் போவேன்.

ஆடிக் காற்று அடங்கி மழைக்காலம் ஆரம்பித்தபோது ஒரு நாள் வாயை விட்டுக் கேட்டேவிட்டேன்.

"ஏங்க, பிள்ள பொறந்ததும் நம்மளும் பாத்திமாம்மாட்ட தவுட்டுக்குக் குடுத்து வாங்கிருவமா?"

அவருக்கு என் மேல் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. அன்று வந்தது.

"செல்வி, எங்கம்மா சாகுறவரைக்கும் என்னைய 'எம் மகன்'னு ஒரு தடவ சொன்னதில்ல. தெரியுமா ஒனக்கு? பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப வாத்தியார் யாரு பிள்ளம்மான்னு கேட்டாரு. எதுத்த வீட்டுப் பிள்ளைங்கன்னு சொல்லுச்சு. சொன்னா நான் செத்துப்போவேன்னு பயம். எனக்குப் பத்து வயசானப்பவும் பயம், முப்பது வயசானப்பவும் பயம். எம் பிள்ளய யாருக்கும் விக்க மாட்டேன். எம் பிள்ளன்னு நடுத்தெருவுல நின்னு சொல்லுவேன்."

அந்தப் பேச்சை அதோடு விட்டேன். பயம் மட்டும் அப்படியே இருந்தது.

யார் தவிடு கொடுத்தது?

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வலி எடுத்தது. முருகன் வந்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஏலக்காய் வாசமடிக்கிற ஜீப்பில் என்னை ஏற்றினார்கள். கௌசி எங்களோடு வரவில்லை. மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நான் இங்கனயே இருக்கேன்" என்றாள். காவலை விட்டுவிட்டு எப்படி வருவாள்? பாத்திமாம்மா அவளுக்குத் துணை இருந்தார்.

அன்று ராத்திரி பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவர் காலையிலும் மாலையிலும் ஆஸ்பத்திரிக்கு வந்துபோனார். மற்ற நேரம் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு மகள் சொன்னபடி ஒரு பிடித் தவிடு விற்கவில்லை. மாட்டுக்காரர்கள் வந்து திட்டிவிட்டுப் போனார்களாம். "பிள்ள நிம்மதியா இருக்கட்டும்னு விட்டேன்" என்றார் என்னிடம்.

அந்த நிம்மதிதான் வினையாகப் போனது. மூன்றாம் நாள் கௌசியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார்கள். என் பக்கத்தில் துணிச்சுருளுக்குள் கிடந்ததைப் பார்த்தாள். இடுப்பில் கைவைத்தாள்.

"நான் தவுடே குடுக்கலியே!"

நர்ஸ் என்ன என்று கேட்டார். என் தையல் பிரிந்துவிடும் போலச் சிரிப்பு.

"யாரு குடுத்தா? அப்பா, நீங்க குடுத்தீகளா? மாமா, நீ குடுத்தியா?"

இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். அவள் நம்பவில்லை. கட்டிலில் ஏறிப் பிள்ளையின் தலையை மோந்து பார்த்தாள். "தவுடு வாசம் அடிக்குது" என்று தீர்ப்புச் சொன்னாள். நானும் மோந்து பார்த்தேன். உண்மைதான், சூடான புதுத் தவிட்டு வாசம்.

வீட்டுக்கு வந்த பிறகு நிலைமை மோசமானது. இப்போது அவள் மூட்டைக்குக் காவல் இருக்கவில்லை. தினமும் காலையில் எழுந்ததும், "இதக் குடுத்துட்டுத் தவுடு வாங்கிட்டு வா" என்றாள். வந்தவர் போனவரிடமெல்லாம், "பாப்பா வேணுமா?" என்று கேட்டாள். சீப்பாலக்கோட்டைப் பெரியவர், "எனக்கு மாடே போதுந்தா" என்று ஓடிவிட்டார்.

எட்டாம் நாள் பிள்ளைக்கு உடம்பு மஞ்சளாகப் பூத்தது. நிறையக் குழந்தைகளுக்கு வருவதுதான், காலை வெயிலில் காட்டுங்கள், இரண்டு நாளில் திரும்பக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். கார்த்திகை மாதத்தில் வெயிலுக்கு நான் எங்கே போவேன்? வாசலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மேகமலை மேல் மூடியிருந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் நின்று ஒருத்தி, "குடுத்துரு, குடுத்துரு" என்பாள். ஒரு நாள் அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டு, பிறகு இரண்டு பிள்ளையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு நானே அழுதேன்.

அரைப் படி

மஞ்சள் வடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் என் பயம் வடியவில்லை. அப்படியொரு மத்தியானம். பத்தியச் சோறு தின்றுவிட்டுக் கட்டிலில் கண் சொருகிப் படுத்திருந்தேன். பிள்ளை சேலைத் தொட்டிலில். யாரோ யாரையோ இழுத்துவருகிற சத்தம்.

கௌசி பாத்திமாம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "இந்தா, தூக்கிட்டுப் போ. தவுடு குடு."

பாத்திமாம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என் மனசில் கிடந்ததை அவரிடம் நான் சொன்னதே இல்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது. என் வீட்டுக்காரர் முன்னால் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"எவ்வளவு தவுடுத்தா வேணும்?" என்ற குரல் கேட்டது.

"நெறய!"

"இந்தப் பய பொடிப் பயலாவுல இருக்கான். அரைப் படிதான் தருவேன்."

"சரி."

பேரம் அவ்வளவுதான். பாத்திமாம்மா தன் வீட்டுக்குப் போய்ச் சொளகில் அரைப் படித் தவிடு கொண்டுவந்து கௌசியின் முன்னால் வைத்தார். எங்கள் கடையிலேயே வாங்கிய தவிடு. தொட்டிலிலிருந்து பிள்ளையைத் துண்டோடு எடுத்துக்கொண்டு, பின்வாசல் சந்து வழியாகத் தெருவைக் கடந்து போய்விட்டார்.

நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். கௌசி சொளகுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தவிட்டில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். அழித்தாள். எழுந்துபோய்த் தொட்டிலை ஆட்டினாள். வெறும் சேலை ஆடியது. உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டில் பிள்ளை வீறிட்டு அழுதது.

"அம்மா, அழுகுது."

"அழுதா அழட்டும். இனி அது எதுத்த வீட்டுப் பிள்ள" என்றேன். என் மாமியார் முப்பது வருஷம் சொன்ன வார்த்தை அது. எப்படித்தான் சொன்னாரோ.

"பால் எங்கன குடிப்பான்?"

நான் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன்.

சொளகைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள். அவள் உயரத்துக்குச் சொளகு பெரிது. ஒரு பக்கம் சாய்ந்து, வாசலெல்லாம் தவிடு, தெருவெல்லாம் தவிடு. நானும் பச்சை உடம்போடு பின்னால் ஓடினேன்.

"இந்தா தவுடு. எந் தம்பியக் குடு."

பாத்திமாம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றார். சொளகை எட்டிப் பார்த்தார். "பத்தாதே. பாதிய ரோட்டுல கொட்டிட்டு வந்திருக்கியே?"

கௌசி திரும்பினாள். கடைக்குள் பாய்ந்தாள். நாலு மாதம் எந்த மூட்டையின் வாயைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாளோ, அதே மூட்டையின் சணல் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். வரவில்லை.

"அப்பா! அவுத்து விடுங்க! சீக்கிரம்!"

அவர் ஒன்றும் புரியாமல் அவிழ்த்துவிட்டார். ஒரு படி நிறைய அள்ளினாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடியும் தெருவுக்கு ஓடினாள். அவர் கையில் சணலோடு பின்னாலேயே வந்தார். எதிர்வீட்டுப் படியில் பாத்திமாம்மாவைப் பார்த்தார், தோளில் பிள்ளையைப் பார்த்தார், சந்து முனையில் குற்றவாளியாக நின்ற என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"செல்வி, நான் சொல்லியும்..."

அவரைப் பேசவிடவில்லை மகள். படியைப் பாத்திமாம்மாவின் காலடியில் கவிழ்த்தாள். ஆடிக் காற்றில்கூட அப்படிப் பறந்திருக்காது. புகைமண்டலத்துக்கு நடுவே நின்றுகொண்டு, சைக்கிளில் போனவர்களும் பால்காரரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"எந் தம்பி! எங்க வீட்டுப் பாப்பா! நாந்தான் தவுடு குடுத்து வாங்குனேன்! எனக்கு!"

அவர் அப்படியே நின்றார். நடுத்தெருவில் நின்று சொல்வேன் என்று அவர் சொன்னதை அவருக்கு முன்னால் ஒருத்தி சொல்லிவிட்டாள். மூக்கை உறிஞ்சினார். தும்மல் என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

பாத்திமாம்மா பிள்ளையைக் குனிந்து கௌசியின் கையில் வைத்தார். தன் கையைக் கீழே அண்டக் கொடுத்துக்கொண்டார். அவள் தம்பியின் தலையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, "சரித்தா, இந்தப் பயல வாங்கிட்ட. அந்தா நிக்கிறானே பெரிய பய, அவன எங்கிட்டக் குடுத்தவ திருப்பி வாங்காமலே போயிட்டா. அவன யாரு வாங்குறது?" என்றார்.

கௌசி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். தம்பியை என்னிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுக் காலிப் படியை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனாள்.

திரும்பி வரும்போது படியில் பாதிதான் இருந்தது.

"அப்பாவுக்கு இது போதும்" என்றாள்.

பாத்திமாம்மா முந்தானையை ஏந்தி அதை வாங்கிக்கொண்டார். ஒரு சிட்டிகை எடுத்து என் வீட்டுக்காரரின் தலையில் போட்டார். முப்பத்துநாலு வயது ஆம்பிளை குனிந்து கொடுத்தார்.

"போடா தவிட்டா" என்றார் பாத்திமாம்மா. "ஒன் வீட்டுக்குப் போ."